ஏழாம் நம்பர் ஃபோல்டர்

அக்காவின் கம்ப்யூட்டர் திரையில் எந்நேரமும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. மாடிப்படியில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவர் அழைப்பே வராத செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார், மற்றவர் குடைக்கம்பியை ஆராய்ச்சி செய்வார். அக்காவின் திரையில் மட்டும் இடப்பக்கம் ஒருவருடைய மெயில், வலப்பக்கம் மற்றவருடைய மெயில், நடுவில் நூல் அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி கோணலாக இருந்தால் அக்காவுக்குப் பொறுக்காது. மவுஸைப் பிடித்து இரண்டு விண்டோவையும் இழுத்து இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டுவாள்.

பம்பாயில், செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொஸைட்டிக்கு அவள்தான் செகரெட்டரி. நான் ஜாயின்ட் செகரெட்டரி. அக்காவைப் பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அன்றைக்கு நான் கூட்டத்துக்குப் போகவில்லை. வராதவன் தலையில் ஒரு பதவியைக் கட்டிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவது இந்த ஊர்ச் சொஸைட்டிகளின் வழக்கம். மறுநாள் காலையில் கீழே வாட்ச்மேன் சலாம் வைத்தபோதுதான் நான் பெரிய மனிதனாகிவிட்டது எனக்கே தெரிந்தது.

எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த குஜராத்தி சேட் கூட ‘அக்காஜி’ என்று இரட்டை மரியாதை கொடுத்துக் கூப்பிடுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வரும் கடிதமும் போகும் கடிதமும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேலையை விட்ட பிறகு எங்கள் கட்டடத்தின் வழக்குகளை எடுத்துக்கொண்டாள். பம்ப் ரூமுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைதான் சொஸைட்டி ஆபீஸ். யாரோ வேண்டாம் என்று கொடுத்த ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒரு பழைய மெயில் புரோகிராம். இப்போது மாதிரி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திறந்து மூடுகிற சமாசாரம் இல்லை. ஒரு மெயிலை இரண்டு தடவை தட்டினால் அது தனி விண்டோவாகத் திறந்துகொண்டு முன்னால் வந்து நிற்கும். இன்னொன்றைத் தட்டினால் அதுவும் வந்து நிற்கும். நானாக இருந்தால் படித்தவுடன் மூடிவிடுவேன். அக்கா மூட மாட்டாள். பதில் போகும்வரைக்கும் அந்த மெயில் திறந்தே இருக்கும். திரைக்கு அடியில் அவையெல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, தாதர் பிளாட்ஃபாரத்தில் நிற்கிற கூட்டம் மாதிரி வரிசை கட்டி நிற்கும்.

இடது ஓரத்தில் ஃபோல்டர்கள். வீட்டுக்கு ஒன்று, வீட்டு நம்பரே பெயர். பதில் போன பிறகு அவரவர் மெயில் அவரவர் நம்பருக்குள் போய்விடும்.

புகார் எழுதியவர் நேரில் வந்து, “அக்கா, என் மெயில் பாத்தீங்களா?” என்று கேட்டால் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

“பாத்தேன். சாம்னேவாலா என்ன சொல்லுதான்?”

சாம்னேவாலா என்றால் எதிரே இருக்கிறவன். பம்பாயில் பாதிச் சண்டை அந்த வார்த்தையில்தான் தொடங்கும். அக்கா அதை வைத்துத்தான் சண்டையை முடிப்பாள். எதிர்த்தரப்பின் மெயில் வந்து வலப்பக்கம் உட்காராமல் இடப்பக்கத்து மெயிலுக்குப் பதில் போடவே மாட்டாள். நியாயம் எவ்வளவுதான் பட்டப்பகல் மாதிரி தெரிந்தாலும் சரி.

மூன்றாம் மாடியில் ஒரு பாய் இருந்தார். தாராவியில் பை தைக்கிற சின்னப் பட்டறை. நல்ல மனிதர், ஆனால் வீட்டுக்குள்ளேயே பசை ஒட்டுகிற வேலையை ஆரம்பித்துவிட்டார். அந்த வாடை கீழ்மாடி வரைக்கும் இறங்கியது. இரண்டாம் மாடி டீச்சரம்மா ஒரு பக்கத்துக்கு மெயில் எழுதினார். தலைவலி, மூச்சுமுட்டல், முனிசிபாலிட்டி, போலீஸ் எல்லாம் அதில் இருந்தன. பாய்க்கு மெயில் எழுதிப் பழக்கமில்லை. அவருடைய மகள் போனில் ஒரு ஐடி மட்டும் போட்டுக் கொடுத்திருந்தாள். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள்.

“நா நேர்லயே சொல்லிப்புடுதேனேம்மா. இதுக்குப் போயி எழுதணுமா?” என்றார் பாய்.

“நேர்ல சொன்னா ஒங்க சத்தந்தான் எனக்குக் கேக்கும் பாய். அந்தம்மா எழுதில்லா வச்சிருக்கா? நீங்களும் எழுத்துல வந்தாத்தான் ரெண்டு பேரும் ஒரே ஒசரம். சொல்லுங்க, நா அடிக்கேன்.”

பாய் சொல்லச் சொல்ல அவருடைய போனிலேயே அக்கா டைப் அடித்து, சொஸைட்டி மெயிலுக்கு அனுப்பினாள். பிறகு மூன்று மாடி இறங்கி, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அதைத் திறந்து, வலப்பக்கம் நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“அடப் பாவமே! பட்டறைக்குள்ள மழத்தண்ணி வந்துட்டாம்ல தம்பி. அதனாலதான் வீட்டுல வச்சு ஒட்டுதாராம்.”

“அக்கா, இப்பத்தானே நீங்களே இத டைப் பண்ணீங்க?”

“அது அப்பம். அவரு சொன்னாரு, நா அடிச்சேன். வெறும் கை. இப்பம்லா நா செகரெட்டரி.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிற முகம் அது. மழைக்காலம் முடியும்வரை மொட்டைமாடிக் கொட்டகையில் பாய் பசை வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் போனது. டீச்சரம்மாவும் ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் தன் கைப்பையின் அறுந்த வாரை அவரிடமே தைக்கவும் கொடுத்தார்.

இந்த வழக்கத்தால் காரியம் தாமதமாகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும், அக்கா மேல்வீட்டுக்காரரின் மெயிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை நான் ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதைப் பற்றி என் மனைவி கேலியாகச் சொஸைட்டிக்கு ஒரு மெயில் எழுதிவிட்டாள். அக்கா அன்று மாலையே என்னைக் கூப்பிட்டு, “ஒன் பக்கம் என்ன?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் நானும் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். இரண்டும் எங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் போய்விட்டன. அதன் பிறகு துண்டு கொடிக்குப் போனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் தவறே செய்யாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருநாள் கை வழுக்கி, பன்னிரண்டாம் நம்பர் ஃபோல்டரை அப்படியே இழுத்து ஒன்பதாம் நம்பர் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டாள். அந்தப் புரோகிராமில் அப்படி ஒரு சங்கடம் உண்டு. ஒரு ஃபோல்டரின் மேல் இன்னொன்றை விட்டால் அது சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். வெளியே அடையாளமே இருக்காது. பன்னிரண்டும் ஒன்பதும் கார் நிறுத்துகிற இடத்துக்காகக் கீரியும் பாம்புமாக இருந்த வீடுகள். பன்னிரண்டாம் நம்பர் சேட், செகரெட்டரி தன் மெயிலையெல்லாம் விழுங்கிவிட்டாள் என்று கீழே நின்று கத்தினார். ஆள்மாற்றி ஆள் தேடினோம். கடைசியில் ஒன்பதைத் திறந்தால், உள்ளே பன்னிரண்டு பத்திரமாக இருந்தது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “சேட், ஒங்க மெயிலு எங்கயும் போகல. ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குள்ள போயி ஒக்காந்திருக்கு. வெளிய வரமாட்டேங்கு!” இதை இந்தியில் அவள் சொல்லச் சொல்ல, கத்த வந்த சேட்டும் சிரித்துவிட்டார். ஒன்பதாம் நம்பர்க்காரரைப் பார்த்து, ‘வாடகை கேட்கமாட்டீர்களே?’ என்று அவர் கேட்டதுதான் அந்த இருவரும் வெகுநாளைக்குப் பிறகு பேசிக்கொண்ட முதல் பேச்சு.

இப்படி எல்லா நம்பரிலும் ஏதாவது ஒன்று இருந்தது. ஏழாம் நம்பர் ஃபோல்டர் மட்டும் காலி. அது அக்காவின் சொந்த வீடு.

“எங்க வீட்டுல என்ன கம்ப்ளெயின்ட்? ஒத்த ஆளு. யாரு மேல யாரு எழுத?” என்பாள்.

ஒற்றை ஆள் ஆன கதை கட்டடத்துக்கே தெரியும். கணவர் போன பிறகு வீடு அவள் பெயரிலும் மகன் பெயரிலும் சேர்ந்து வந்தது. மகனுக்கு ஐரோலியில், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், ஐ.டி. வேலை. கூட வேலை பார்த்த மராத்திப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வந்து சொன்னான். முடிவு பண்ணிவிட்டுத்தான் சொன்னான். அக்கா, “ஒனக்குத் தோணுனதப் பண்ணு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கும் போகவில்லை. அவன் ஐரோலியிலேயே வீடு பார்த்துப் போய்விட்டான். பிறகு வந்த போன்களை அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் போன் வருவதும் நின்றுபோனது.

என் மனைவிதான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். “ஊருக்கெல்லாம் சாம்னேவாலா, சாம்னேவாலான்னு கேக்கிறாங்க. பெத்த பிள்ள என்ன சொல்றான்னு ஒரு தடவ கேட்டாங்களா?” எனக்கும் அது நெருடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அக்காவிடம் அதைக் கேட்கிற தைரியம் கட்டடத்தில் ஒருவருக்கும் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் வாய் நிறையப் பேசுகிறவள், மகன் பேச்சு வந்தால் தண்ணீர் டேங்க் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அந்த மழைக்காலத்தில் மேல்மாடி நர்ஸம்மா வீட்டுச் சமையலறையில் கூரைக்காரை பெயர்ந்து விழுந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்த நேரம், தப்பித்தார். அதோடு கட்டடமே பயந்துவிட்டது. இடித்துக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் வந்தார். ஆளுக்கொரு புது வீடு. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். எல்லா உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மிச்சம் இருந்தாலும் நான் வரமாட்டேன், கோர்ட்டு வாசலில் நின்று எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். அக்கா வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். சண்டைக்காரர்கள் எல்லாம் போட்டார்கள். துபாயிலும் நாக்பூரிலும் இருந்தவர்கள் கூட அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர். ஏழாம் நம்பரின் இரண்டாவது உரிமையாளர்.

அவனிடமிருந்து ஒருநாள் மெயில் வந்தது. சுத்தமான ஆபீஸ் ஆங்கிலத்தில், ‘மரியாதைக்குரிய செகரெட்டரி அவர்களுக்கு’ என்று ஆரம்பித்திருந்தான். ஏழாம் நம்பர் வீட்டின் இணை உரிமையாளராகிய எனக்கு இத்திட்டத்தில் ஆட்சேபணை இல்லை. ஆனால் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு விளக்கம் தேவை. புது வீட்டில் என் மனைவிக்கு இடம் உண்டா என்பதை மற்ற உரிமையாளரிடம் கேட்டுத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு டைப் அடித்தாள்: ‘அன்புள்ள உறுப்பினருக்கு, தங்கள் மெயில் கிடைத்தது. சம்பந்தப்பட்டவரிடம் விசாரித்துத் தெரிவிக்கிறோம்.’ அனுப்பிவிட்டு அந்த மெயிலை இடப்பக்கம் நிறுத்தினாள். வலப்பக்கம் காலி. வெறும் நீலத்திரை.

அப்படியே நாட்கள் போயின. நான் எப்போது போனாலும் இடப்பக்கம் மகன், வலப்பக்கம் நீலம். வேறு வழக்கு வந்தால் மகன் மெயிலை மட்டும் கீழே இறக்கிவிட்டு வேலை பார்ப்பாள், முடிந்ததும் மறுபடி மேலே ஏற்றுவாள்.

“என்னக்கா, பதில் போடலியா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நா எப்படிப் போட? சாம்னேவாலி இன்னும் எழுதல.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “யாரு?”

“ஏழாம் நம்பரு. அந்தப் பொம்பள. மெயில் போட்டாச்சு, பதிலு இல்ல. வீம்பு புடிச்சவ.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், சிரிக்க வேண்டாம் என்று தெரிந்தது. அப்போதே என் கண் முன்னால் சொஸைட்டி மெயிலிலிருந்து தன் சொந்த ஐடிக்கு ஒரு ரிமைண்டர் அடித்தாள். ‘தங்கள் பதிலை விரைவில் எதிர்பார்க்கிறோம்.’ அனுப்பிய மறுகணம் அவளுடைய கைப்பைக்குள் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“வந்துட்டு” என்றாள்.

“அப்ப இப்பவே பதில்...”

“யோசிக்கட்டும் தம்பி. நெருக்காத.”

மற்றவர்கள் நெருக்கினார்கள். கூரையில் விரிசல் பெரிதாகிக்கொண்டிருந்தது, பயத்தில் மனிதர்களுக்கு வாய் நீளும். கார் நிறுத்துமிடத்தில் கூடிய அவசரக் கூட்டத்தில் பன்னிரண்டாம் நம்பர் சேட் எழுந்து, “அக்காஜி, பேட்டே கோ ஏக் ஃபோன் கர் தோ நா!” என்றார். மகனுக்கு ஒரு போன் போட்டால் முடிகிற காரியம், ஒரு அம்மாவும் பிள்ளையும் பேசாததற்கு நாங்கள் எல்லோரும் காரை விழுந்து சாக வேண்டுமா என்று நர்ஸம்மாவும் கேட்டுவிட்டார். கேட்ட உடனே அவருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. அக்கா கோபப்படவில்லை.

“நீங்க சொல்லுறது நியாயந்தான். மெம்பர் எழுத்துல கேட்டிருக்காரு. எழுத்துலதான் பதிலு போவும். எனக்கு இந்த வாரம் மட்டும் டைம் குடுங்க” என்றாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவள் டைம் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அன்றைக்கு அவள் மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கப் போன நான் ஆபீஸுக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, “இரு, வாரேன்” என்று வெளியே போனாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஏழாம் நம்பரின் பதிலை எழுதக் கூடாது என்று அவளுக்கு ஒரு கணக்கு. அந்த நாற்காலி செகரெட்டரியுடையது. வாட்ச்மேனுடைய ஸ்டூலில், சாரல் அடிக்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதினாள். எழுதினாள், அழித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி எழுதினாள். வாட்ச்மேன் பாவம், என்னமோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது இன்பாக்ஸில் புதிதாக ஒன்று கறுத்த எழுத்தில் நின்றது. இரண்டு தடவை தட்டினாள். திறந்தது. வலப்பக்கம் நகர்த்தினாள். நடுவில் இருந்த இடைவெளியை நேராக்கினாள்.

“நீ வாசி. எனக்குக் கண்ணாடி மங்கலா இருக்கு.”

கண்ணாடியில் குறை ஒன்றும் இல்லை. நான் வாசித்தேன். தமிழில் எழுதியிருந்தாள்.

‘செகரெட்டரி அவர்களுக்கு, ஏழாம் நம்பர் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. மகன் கல்யாணத்தை முடிவு பண்ணிவிட்டு வந்து சொன்னான். முதலில் என்னிடம் கேட்கவில்லை என்று எனக்குக் கோபம். அது நியாயமான கோபம்தான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அதற்கு அப்புறம் இருந்ததெல்லாம் பயம். நான் போய் வாசலில் நின்று, அந்தப் பெண் யார் நீங்கள் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன்? போனை எடுத்து, அவன் இனி கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அதனால்தான் எடுக்கவில்லை. புது வீட்டில் அவளுக்கு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறான். அவள் வராத வீடு எனக்கு எதற்கு? இதை யார் மூலமாகச் சொல்வது என்று தெரியாமல்தான் பதில் போடவில்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும்.’

முடித்துவிட்டு நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டினாள். இடப்பக்கம் படித்தாள். வலப்பக்கம் படித்தாள். பாய் வழக்கிலும் கார் வழக்கிலும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாளோ அதற்குக் குறையாமல் எடுத்துக்கொண்டாள்.

“ரெண்டு பக்கமும் வந்துட்டு” என்றாள். பிறகு, “பையன் பக்கந்தான் நியாயம் கூட இருக்கு, தம்பி. அவன் போன் போட்டிருக்கான். இவ எடுக்கல.”

“இந்த மெயில அவனுக்கு அனுப்பிடலாமே அக்கா. அவனே புரிஞ்சுக்குவான்.”

“ஒருத்தர் மெயில இன்னொருத்தருக்கு நா என்னைக்கு அனுப்பிருக்கேன்? அது தப்பு. அதுவுமில்லாம, அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இத அவன் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டாம்.”

ஆங்கிலத்தில் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு உரிமையாளரின் மெயில்களையும் செகரெட்டரி பரிசீலித்தார். மூத்த உரிமையாளர் வரும் ஞாயிற்றுக்கிழமை ஐரோலிக்கு நேரில் சென்று தன் பதிலைத் தெரிவிக்க வேண்டும். இளைய உரிமையாளர் அன்று வீட்டில் இருக்க வேண்டும். இனிமேல் இது சம்பந்தமாக இருவரும் சொஸைட்டிக்கு எழுத வேண்டாம்.

இரண்டு ஐடிக்கும் சேர்த்து அனுப்பினாள். பையில் டிங் என்றது. எடுத்து நிதானமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“போகச் சொல்லுதாங்க தம்பி.”

“போவீங்களா அக்கா?”

“செகரெட்டரி எழுத்துல சொன்ன பொறவு எப்படிப் போகாம இருக்க? ஆனா நீயும் வரணும். கமிட்டி சார்பா.”

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஏறி, வாஷியில் மாறி, தானே போகிற வண்டியில் உட்கார்ந்தோம். நல்ல புடவை கட்டியிருந்தாள். மடியில் சொஸைட்டி ஃபைல். பில்டர் பேப்பர், பிளான் எல்லாம் அதில் இருந்தன. ரயிலில் அதை நாலு தடவை திறந்து மூடினாள். கோபர்கைரனேயில் வண்டி நின்றபோது சட்டென்று எழுந்து, “இதுல எறங்கித் திரும்பிருவோமா? பேப்பர கூரியர்ல அனுப்பிரலாம்லா” என்றாள். நான் ஃபைலை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்துவிட்டாள். அவள் கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஐரோலி வரும்வரை விடவில்லை.

லிஃப்டில் ஏறிப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றோம். மணியை என்னை அடிக்கச் சொன்னாள். அடித்தேன். கதவைத் திறந்தது அந்தப் பெண். கையில் மாவு ஒட்டியிருந்தது, அதைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். கட்டடத்தையே கட்டி மேய்க்கிற அக்கா கடைசியில் என்னிடமிருந்து ஃபைலைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இந்தியில், “நா சொஸைட்டியிலேருந்து வாரேன். செகரெட்டரி அனுப்புனாங்க” என்றாள்.

அந்தப் பெண் ஃபைலைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, வீடு முழுக்கக் கேட்கும்படி மராத்தியில் கத்தினாள்.

“அரே, ஆயி ஆல்யாத்!”

அம்மா வந்திருக்காங்க என்று அர்த்தம். பம்பாயில் பிறந்த அக்காவுக்கு அதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஏதோ நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. யாரோ வெறுங்காலோடு ஓடி வந்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றப் போனேன். அக்கா ஃபைலை என் கையில் திணித்துவிட்டு என் தோளைப் பிடித்து லிஃப்ட் பக்கம் திருப்பினாள்.

“நீ போ தம்பி” என்றாள். “இனிமே கமிட்டி வேண்டாம்.”